அம்மாவின் முகம் இருந்த இடம்

8 பெப்ரவரி, சனி

விடிந்ததிலிருந்து மழை. கண்டி மஹய்யாவ மேட்டில் எங்கள் வீட்டுப் படிக்கட்டெல்லாம் வழுக்கல். அலுமாரி மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், செத்துப்போன பெரியவர்களின் படங்களுக்கு மாலை போட்டுக் கும்பிட வேண்டும்.

கிடைத்தவை: என் தாத்தா, ஸ்டூடியோவில் (கோட்டு இரவல், சந்தேகமே இல்லை). நான், இரட்டைப் பின்னல், அழுமூஞ்சி. கரப்பான் முட்டை, ஏராளம்.

அப்பா அம்மா கல்யாணப் படம். அம்மாவின் சேலை இருக்கிறது, மாலை இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டை.

மகள்: “என்னம்மா இது, எலியா?”

“எலி இல்ல, எங்கப்பா. ஏதோ கோவத்துல வெட்டிட்டாராம்.”

சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரோ சொன்னது. எனக்கு எட்டு மாதத்தில் அம்மா இறந்துவிட்டாள். வேறு படம் இல்லை. அவள் முகமே எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கடைசிவரை ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அவர் படத்தையும் இதுவரை சுவரில் மாட்டவில்லை.

9, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். மகள் விடுவதாக இல்லை. “அம்மாச்சி படம் இல்லாம எப்பிடிம்மா கும்பிடுறது?”

வத்தேகம அத்தைக்கு, அப்பாவின் தங்கை, போன் போட்டேன். காது மந்தம். மூன்று தடவை கத்தியதில் பக்கத்து வீட்டுக்கே விஷயம் தெரிந்திருக்கும். “நேர்ல வா” என்றார்.

11, செவ்வாய்

லீவு. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. அத்தைக்கு வெற்றிலை, கருவாடு.

படத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

“கோவமா? எங்கண்ணனா? அடி போடி! தோட்டத்து சனத்த இந்தியாவுக்கு அனுப்புனப்ப பாஸ்போட்டுக்குப் படம் கேட்டாங்க. ஒங்கம்மா படுத்த படுக்க. ஸ்டூடியோவுக்குத் தூக்கிட்டா போறது? அண்ணன்தான் இதுலருந்து வெட்டி எடுத்துச்சு.”

பாஸ்போட் வந்து, கப்பலுக்கும் நாள் குறித்துவிட்டார்களாம். அதற்குள் அம்மா போய்விட்டாள்.

“ஏறு ஏறுன்னு எல்லாரும் சொன்னோம். அவள இங்க பொதச்சிட்டு நான் எங்க போறதுன்னு உக்காந்துருச்சு.”

“ஏன் அத்தை எனக்குச் சொல்லல?”

“நீ கேட்டியா?”

கேட்கவில்லை. அப்பா அன்றைக்குக் கப்பல் ஏறாததுதான் நான் கண்டியில் பிழைப்பதற்கே காரணம். ஐம்பது வயதுவரை தெரியாமல் இருந்திருக்கிறேன், மடச்சி.

அத்தை சேலை அடுக்கிலிருந்து பாஸ்போட்டை எடுத்தார். “வீட்ல இருந்தா பாத்துக்கிட்டே இருப்பேன், நீ வச்சிருன்னு அண்ணன் குடுத்துச்சு.”

அம்மா. முத்திரையின் ஓரம் தாடையில் விழுந்திருக்கிறது. கண் இரண்டும் தப்பிவிட்டன. மூக்கு அப்படியே என் மகளுடையது. என்னைவிட எவ்வளவு சின்னப் பெண்! அத்தையின் கதிரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அத்தை கருவாடு பொரிக்கப் போய்விட்டார்.

12, புதன்

மந்தாரம். ஃப்ரேம் கடை நானா: “உம்மாட முகத்தப் பெருசாக்கித் தாறன். தாடையில இருக்கிற முத்திரைய அழிச்சிரவா?”

“வேணாம் நானா. அப்பிடியே இருக்கட்டும்.”

ஓட்டைப் படத்துக்கும் கண்ணாடி போடச் சொன்னேன். பெட்டியிலேயே கிடந்த அப்பாவின் தனிப் படத்தையும் கொடுத்தேன்.

சாயங்காலம் ஆணி அடித்தேன். முதல் ஆணி அப்பாவுக்கு.