நெஞ்சில் ஸ்வஸ்திக் போட்ட புத்தர்

16 ஆகஸ்ட் 2007, வியாழன்

புத்தர் ஆசையை ஒழிக்கச் சொன்னார். அப்பாவின் பனியன் கம்பெனிக்கு வந்த ஜெர்மனி ஆர்டரையே ஒழித்துவிட்டார். டி-ஷர்ட்டில் அச்சடித்த புத்தரின் நெஞ்சில் ஒரு ஸ்வஸ்திக் இருந்தது. அந்த நாட்டில் அது கொலைகாரக் கூட்டத்தின் சின்னமாம். மொத்தமும் ரிஜெக்ட்.

"நம்ம பிள்ளையாருக்குப் போடறதுதானுங்க" என்று அப்பா ஏஜென்டிடம் போனில் கெஞ்சினார். "எங்க புத்தர் கோயில்லயும் இருக்கு, நல்ல குறி" என்றான் சிக்கிம்கார டெய்லர் பாசங். அவனைத் தினமும் கலாய்ப்பது நான்தான்.

மதியம் அந்தச் சட்டைகளை மிஷின் துடைக்கும் துணியாக வெட்டச் சொன்னார் அப்பா. பாசங் கத்தரியை வாங்கவில்லை.

"முகத்த வெட்ட மாட்டேன் சார்."

"அப்பக் கெளம்புங்க கண்ணு. நாளைலிருந்து வர வேண்டாமுங்க."

அப்பா மரியாதையாகத்தான் சொன்னார். பாசங் என்னைப் பார்த்தான். நான் சட்டைக் கட்டைப் பிரித்தேன். கத்தரி என் கைக்கு வந்தது.

முதல் முகத்தில் கை கொஞ்சம் நின்றது. அப்புறம் வெறும் துணிதான். சாயங்காலம் வரை வெட்டினேன். பாசங் எப்போது கேட்டைத் தாண்டினான் என்று பார்க்கவில்லை.

இரவு அம்மா போட்ட தோசையெல்லாம் தின்றேன். நன்றாகவே பசித்தது.