குண்டு மிஷினின் காசுக் கதவு

மாப்பிள்ளை,

காசுக் கதவைத் திறந்ததும் உங்கள் பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது. நான் கூட்டிச் சொல்கிற ஆள்தான், ஆனால் இது சத்தியம். நீங்கள் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. அந்தப் பெட்டிக்குள் துருவும் ரப்பரும்தான் நாற வேண்டும். எனக்கு என்னவோ நீங்கள் இப்போதுதான் தலையை வெளியே எடுத்துவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி இருந்தது. உட்கார முடியவில்லை. கடையை நாலு தடவை சுற்றி வந்தேன்.

நம் குண்டு மிஷின் நின்றுபோய்விட்டது. காசு போட்டு, இரும்புக் குண்டை மட்டையால் தட்டி ஆடுகிற இந்த ஆட்டத்துக்கு வெளிநாட்டில் பின்பால் என்று பெயர் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கூல்டிரிங்க்ஸ் குடிக்க வருகிற காலேஜ் பிள்ளைகள் எல்லாருக்கும் அது குண்டு மிஷின்தான். என் பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து சாமான்களோடு ஏற்றி அனுப்பிய மிஷினை, ஒரு சீனாக்காரனைப் பந்தயத்தில் தோற்கடித்து ஜெயித்து வந்தேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், நீங்கள் வாயில் புகையிலையோடு பக்கத்தில் நின்று, “ஆமா, நான் பார்த்தேன்” என்பீர்கள். நீங்கள் திருச்சி ஏர்போர்ட் தாண்டியதே கிடையாது.

வினை எப்படி வந்தது என்றால், போன வாரம் தங்கச்சி போன் பண்ணியது. “அண்ணே, அந்த மிஷின்ல அவரு பேரு மேல இருக்குன்னு சொன்னியே. அதைப் பார்க்கணும்” என்றது. மூன்று வருஷமாக என் கடை வாசலை மிதிக்காதவள். எப்போதோ ஒரு நாள் நீங்கள் ஆடி எடுத்த பாயிண்டுக்கு இன்னும் உங்கள் பெயரின் மூன்று எழுத்துதான் பட்டியலில் முதலிடம். மிஷினோ ஆட்டத்துக்கு நடுவே அடிக்கடி உறைந்துபோய்க்கொண்டிருந்தது. அவள் பார்க்கிற நேரத்தில் உறைந்து நின்றால் அசிங்கம் என்று, பென் டிரைவில் புது சாஃப்ட்வேர் இறக்கி ஏற்றினேன். தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இதைச் செய்தவன் நான் ஒருவன்தான். வேறு யாரிடமும் அந்த மிஷின் இல்லை என்பது தனி விஷயம்.

ஏற்றி முடித்ததும், எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கச் சொல்லித் திரையில் ஒரு பட்டியல் வந்தது. தேர்ந்தெடுக்கிற நாலு பட்டனும் காசுக் கதவுக்கு உள்பக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அமுக்கினேன். ஒன்றும் வேலை செய்யவில்லை. அந்த நாலும் செத்தால் உள்ளே போக வழியில்லை. உங்கள் பெயர் உள்ளே இருக்கிறதா அழிந்துபோனதா என்றுகூடத் தெரியாது. தங்கச்சி மறுநாள் ஒரத்தநாட்டிலிருந்து மூன்று மணி பஸ்ஸில் வருகிறாள்.

பட்டனைக் கழற்றிப் பெட்ரோலில் துடைத்தேன். உங்கள் மீட்டரை வைத்துப் பார்த்தேன், நாலுக்கும் ‘கீ’ என்று கத்தியது, பட்டனில் பழுதில்லை. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், அதுவும் நன்றாக இருந்தது. சாஃப்ட்வேர் எழுதினவனை அவனுக்குத் தெரியாத பாஷையில் திட்டினேன். அப்புறம்தான் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதைப் பார்த்தேன். எட்டாவதோடு நின்ற என் இங்கிலீஷுக்கே புரிந்தது, ‘கதவைத் திற’ என்று. கதவு என் முழங்காலுக்கு நேரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சாத்தித் திறந்தேன். பத்து தடவை சாத்தித் திறந்தேன். அது பாட்டுக்குத் திற திற என்கிறது.

கதவு திறந்திருப்பது மிஷினுக்குத் தெரியவில்லை. சாத்திய கதவுக்குள் யார் கை போகும் என்று, பட்டனை அமுக்குவதை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. பழைய சாஃப்ட்வேர் இதையெல்லாம் பார்க்காது. அப்படியானால் கோளாறு கதவு ஓரத்தில் இருக்கிற ஸ்விட்ச்சில். எனக்கு அவ்வளவு தூரம் புரிந்துவிட்டது, ஆனாலும் அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை. ஏன் தெரியுமா? அது புது ஸ்விட்ச். மூன்று வருஷம் முன்பு நான் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்து என் கையால் மாட்டியது.

அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்ததாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் வரை வேறு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். உடைந்த பழைய ஸ்விட்ச் அப்படியே இருக்கிறது. அதற்குப் போகிற இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று முறுக்கி, மேலே பச்சை டேப். டேப்பின் நுனி மடித்து விடப்பட்டிருந்தது. இந்த டெல்டாவில் டேப் நுனியை மடித்து விடுகிற மெக்கானிக் ஒரே ஆள்தான். “அப்புறம் பிரிக்கிறவன் நகத்தால நோண்டணுமா, மச்சான்?” என்பீர்கள்.

மூன்று வருஷம் முந்தைய அந்தக் காணும் பொங்கல் அப்படியே திரும்பி வந்தது. கடை நிறைய ஜனம். கதவு லேசாக அதிர்ந்தாலும் ஸ்விட்ச் விட்டுப்போய், குண்டைத் தள்ளுகிற மட்டைக்குக் கரண்ட் நின்றுவிடும். உங்களுக்குப் போன் போட்டேன். பூம்புகார் போக உங்கள் வீட்டு வாசலில் வேன் நிற்கிறது, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தாயிற்று என்றீர்கள். அரை மணியில் போய்விடலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். இரண்டு நிமிஷ வேலை என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் எந்த ஒயர் எது என்று தேடவே மூன்று மணி நேரம் ஆனது, உங்கள் வாசலில் வேன் நின்றுகொண்டே இருந்தது. நடவு நேரத்தில் பம்பு செட் மக்கர் பண்ணினால் என்ன செய்வீர்களோ அதையே இதற்கும் செய்தீர்கள், ஸ்விட்ச்சை விட்டுவிட்டு ஒயரோடு ஒயரை முறுக்கி டைரக்ட் கொடுத்துவிட்டீர்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னீர்கள்: “இனிமே அதுக்கு எப்பவும் கதவு சாத்தித்தான் இருக்கும், மச்சான்.”

மறுநாள் தங்கச்சி எனக்குப் போன் பண்ணியது. “நேத்து மிஷினைச் சரி பண்ணது அவரா?” என்று கேட்டது. என் முன்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் அப்போதுதான் சிங்கப்பூர் பார்ட் கதையைப் பாதி சொல்லியிருந்தேன். அதே மூச்சில் அவளிடமும், “அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும், நான்தான் பண்ணினேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் இங்கே வரவேயில்லை. வேனை நிறுத்தி வைத்துவிட்டு ஆட வந்த மனுஷன் என்று உங்களை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்த வாரமும் வந்தீர்கள், பக்கத்தில் நின்று, “ஆமா, நான் பார்த்தேன்” என்றீர்கள்.

டேப்பைப் பிரித்தேன், ஒயரை விலக்கினேன். பட்டன் நாலுக்கும் உயிர் வந்தது. பழைய கூலர் பெட்டியின் கதவு ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டினேன். நாட்டைத் தேர்ந்தெடுத்தேன், பட்டியல் வந்தது. முதல் இடத்தில் யாரோ முன்பின் தெரியாத மூன்று எழுத்து, கம்பெனி போட்டு வைத்தது. மேலிருந்து கீழ் வரை தேடினேன், மாப்பிள்ளை. நீங்கள் இல்லை.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நானே ஆடி, கம்பெனிக்காரன் பாயிண்டைத் தாண்டி, உங்கள் எழுத்தைப் போட்டுவிடலாம் என்று புத்தி ஓடியது. ஆடவும் ஆடினேன். மூன்று ஆட்டத்திலும் குண்டுகள் நேரே குழிக்குள் போயின. நாலாவது ஆட்டத்துக்கு நிற்கும்போது அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பெயர் அழிந்துபோனதைச் சொன்னேன். அவள் மிஷினின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அந்தப் பச்சை டேப்பை அவள் உள்ளங்கையில் வைத்து, காணும் பொங்கல் அன்று யார் எதைச் சரி பண்ணினார்கள் என்று சொன்னேன். என் ஆயுசில் ஒரு கதையை இவ்வளவு சின்னதாகச் சொன்னதில்லை.

நுனி மடிப்பை விரலால் நீவிப் பார்த்தாள். “அவரு மடிப்புதான்” என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“பொய் சொல்றீங்கன்னு அவருகிட்ட சொன்னேன் அண்ணே. அன்னிக்குச் சாப்பிடாமயே படுத்துக்கிட்டாரு.”

என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டேப்பை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது மிஷின் ஓடுகிறது. அதைச் சரி பண்ணியது யார் என்று கேட்டால், எங்கள் மாப்பிள்ளை என்று சொல்கிறேன். சிங்கப்பூர் கம்பெனி ஆளே பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனான் என்கிறேன். ஒற்றைக் கையால் முடித்தார் என்கிறேன். அதற்கு நீங்கள் ஆட்சேபிக்கக் கூடாது. ஆனால் தங்கச்சி சொன்ன அந்த ஒரு வரி இருக்கிறதே, அதை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. அவள் சொன்னபடியே இருக்கிறது.