கிணற்றுத் தண்ணீரில் ஓடிய கணினி

செவ்வாய் இரவு, மாங்குளம்.

இன்று பிற்பகல் கணினி நின்றுவிட்டது. என் மனைவி வதனி தன் இணைய வகுப்புக்குப் பாடம் பதிவு செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து நின்றது. அவளுடைய குரலுக்குப் பின்னால் விசிறி இரையக்கூடாது என்றுதான் விசிறியே இல்லாத இந்தப் பெட்டியை முதிரைப் பலகையில் நானே செய்தேன். ஒரு தொட்டியிலிருந்து சுற்றி ஓடும் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகும். நான்கு மாதமாக ஒரு சத்தம் இல்லை.

கழற்றிப் பார்த்தேன். சூட்டை வாங்கும் செப்புக் கட்டிக்குள் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது.

வதனி குசினிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே அதே வெள்ளை.

"என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"கிணத்துத் தண்ணிதான். குறையக் குறைய விட்டனான்."

"நாங்கள் குடிக்க மட்டும் வடிகட்டின தண்ணி வாங்கிக்கொண்டு வாறியள். இதுக்குக் கிணத்துத் தண்ணியோ?"

ஒவ்வொரு துளையையும் மில்லிமீற்றர் பார்த்து அளந்தவன் நான். தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"பழைய விசிறிப் பெட்டியை இறக்குவமே?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

நாளை சந்தியில் உழவு இயந்திரம் திருத்தும் கடையில் பற்றறிக்கு விடுகிற, காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குவேன். அதில் சுண்ணாம்பு இல்லை. தண்ணீர் வற்றாமல் தொட்டிக்கும் இறுக்கமாக ஒரு மூடி போடவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அவளுடைய பாடம் போயாகவேண்டும்.

இப்போது குசினியில் கேத்திலும் செப்புக் கட்டியும் ஒரே பேசினில், சுண்ணாம்பு கரையட்டும் என்று தேசிக்காய்ப் புளியில் ஊறுகின்றன. விசிறி மட்டும் போடமாட்டேன்.