கிழக்குக் குழித் தண்ணீர் யார் பொறுப்பு?

அனுப்புநர்:
மண் வேலை ஒப்பந்தக்காரர்,
மகப்பேறு மருத்துவமனைப் புதுக் கட்டடப் பணி.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
கட்டடப் பணிகள் துறை.

பொருள்: உரிமம் நிறுத்தப்பட்டதால் கிழக்குக் குழியில் நின்றுபோன நீர் இறைப்பு – உடனே மோட்டார் போட அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால், வணக்கம்.

1. இந்தப் பணிக்குப் போட்டது கூட்டுப் பொறுப்பு ஒப்பந்தம். தங்கள் துறை, வரைபடப் பொறியாளர், பெரிய ஒப்பந்தக்காரர், நான் என நால்வரும் ஒரே தாளில் கையெழுத்திட்டோம். லாபமோ நட்டமோ பகிர்ந்துகொள்வது, ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதில்லை என்பது அதன் சாரம். அன்று தாங்களே என் தோளில் தட்டி, "இனிமே நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்றீர்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

2. திங்கட்கிழமைதோறும் நால்வரும் கூடி, வரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரை எழுத வேண்டும். ஆறாவது திங்கட்கிழமை காலை, அடித்தளத்துக்குத் தோண்டிய கிழக்குக் குழியின் அடியில் ஊற்று கிளம்பிவிட்டது. நான் முழங்கால் சேற்றில் நின்று மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன். பெரிய ஒப்பந்தக்காரரின் மேலாளர் போனில், "நீங்க தண்ணியப் பாருங்க, மீட்டிங்க நாங்க பாத்துக்கறோம்" என்றார். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். நிலத்தடி நீருக்கு எதிரே என் பெயரை எழுதி, 'ஒருமனதாக' என்று முடித்துவிட்டார்கள். கேட்டால், "நீங்க வந்திருந்தா பேசியிருக்கலாமே" என்கிறார் வரைபடப் பொறியாளர். நான் வந்திருந்தால் குழி அன்றே மூழ்கியிருக்கும்.

3. குழியின் கரை சரியாமல் தாங்கும் இரும்புத் தகடுகளைப் பன்னிரண்டு மீட்டரிலிருந்து எட்டாகக் குறைத்தவரும் அதே வரைபடப் பொறியாளர்தான். மிச்சமான தொகையை நால்வரும் பங்கிட்டோம். என் பங்கை நானும் வாங்கினேன், மறைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. சென்ற மாதம் அந்தக் குட்டைத் தகடுகளுக்கு அடியில் நீர் புகுந்து கிழக்குக் கரை சரிந்து, என் மேஸ்திரிக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் என் தங்கையின் கணவர். மிச்சத்துக்கு நாலு பங்கு, சரிவுக்கு மட்டும் நான் ஒருவன். ஒரு வார்த்தை விசாரிக்காமல், பட்டியலைப் பார்த்தே என் உரிமத்தை நிறுத்திவைத்தது தங்கள் அலுவலகம்.

4. இப்போது கேட்டுக்குள் என்னை விடுவதில்லை. என் மோட்டார்கள் இரண்டும் உள்ளே சும்மா கிடக்கின்றன. போட ஆளில்லாமல் இல்லை. பெரிய ஒப்பந்தக்காரரின் எலக்ட்ரீஷியன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சுவிட்சத் தொட்டா தண்ணி எங்க பொறுப்புன்னு ஆயிடும்ணே. தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." நான்கு நாளாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது.

5. கரையிலிருந்து பத்தடியில் தொழிலாளர் கொட்டகைகள், பதினோரு குடும்பங்கள். காலி செய்யச் சொல்லவும் எவரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னவர் மாற்று இடம் தர வேண்டி வருமாம். மாவுக்கட்டோடு படுத்திருக்கும் மேஸ்திரியும் என் தங்கையும் அங்கேதான் இருக்கிறார்கள். என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். "எல்லாரையும் விட்டுட்டு நாங்க மட்டும் எப்படிண்ணே வர்றது" என்கிறாள். நேற்று அவர்கள் கொட்டகைத் தரையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் கண்டிருக்கிறது. படம் இணைத்துள்ளேன்.

6. உரிமத்தை ரத்து செய்வதானால் செய்யுங்கள். அந்தச் சண்டையைப் பிறகு போட்டுக்கொள்கிறேன். பட்டியலில் என் பெயரும் அப்படியே இருக்கட்டும். தண்ணீர் என்னுடையது என்றால், அதை இறைத்துக் கொட்ட என்னை உள்ளே விடுங்கள். பதினோரு குடும்பங்களையும் இன்றே வேறிடத்துக்கு மாற்ற ஒரு வரி உத்தரவு போடுங்கள். மற்ற மூவரின் கருத்தையும் கேட்டுச் சொல்வதாகப் பதில் அனுப்பிவிடாதீர்கள்.

உத்தரவு வராவிட்டால், நாளைக் காலை ஆறு மணிக்குச் சுவர் ஏறிக் குதித்து நானே மோட்டாரைப் போடுவேன். இது மிரட்டல் அல்ல, முன்கூட்டியே தரும் தகவல். அதற்கு என்மேல் வழக்குப் போட்டால், அந்தப் பொறுப்பை யாரோடும் பங்கு போடாமல் முழுதாக நானே ஏற்றுக்கொள்கிறேன்.

கோபத்தோடும் மரியாதையோடும்,
(ஒப்பம்)
மண் வேலை ஒப்பந்தக்காரர்

இடம்: பணித்தளத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே
நாள்: 14ஆம் தேதி, செவ்வாய், பிற்பகல் 3 மணி