தரையைத் தொட்டால் வெடிப்பது

அண்ணா,

இன்று கேண்டீனுக்குள் நுழைந்ததும் ஊதுபத்தி வாசனை. சாம்பார் மணத்தையும் எங்கள் உடுப்பில் ஊறிய ஆயில் வாடையையும் தாண்டி வந்தது. சுவரில் உங்கள் படம், புது மாலை. நீங்கள் போய் ஓராண்டு ஆகிறதாம். உங்கள் இடத்துக்கு வந்த சங்கத்தின் புதிய செயலாளர் என்னிடம் வந்து, "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்றார். முடியாது என்றேன். பேசியிருந்தால் பூப்போட வந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். அண்ணா என்று தொடங்கியது பழக்கத்தால்தான். பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு காலத்தில் பாசம் இருந்தது. இந்தத் தேர்வாய் கண்டிகை ஆலையில் நாம் டிராக்டர் பாகங்கள் செய்துகொண்டிருந்தபோது, பெண்களுக்கு உடை மாற்றத் தனி அறை வேண்டும் என்று மூன்று நாள் கேட் வாசலில் வெயிலில் உட்கார்ந்தீர்கள். அறை வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் எது சொன்னாலும் நம்பினோம்.

டிராக்டர் ஆர்டர் குறைந்து, ஆலையை மூடிவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பிய மாதத்தில்தான் அந்தப் புது ஆர்டர் வந்தது. குண்டுகளுக்கான இரும்புக் கூடு. நாம் கூட்டை மட்டும் கடைந்து அனுப்ப வேண்டும், வெடிமருந்தை வேறு எங்கோ அடைத்துக்கொள்வார்கள். ஒரு நாடு வாங்கி, போர் நடக்கிற இன்னொரு நாட்டுக்கு உதவியாகக் கொடுக்கப்போகிறது என்றார்கள். ஆட்கள் தயங்கினார்கள். நீங்கள் கேட் கூட்டத்தில் பெஞ்ச் மேல் ஏறி நின்றீர்கள்.

"இது அடிக்கிற குண்டு இல்ல, தடுக்கிற குண்டு. ஊரு மேல வர்ற டிரோன வானத்துலயே ஒடச்சிப் போடும். நாம யாரையும் கொல்லல. காப்பாத்தறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

பரிசோதனைப் பிரிவில் அளவு பார்த்து, சரியாக இருந்தால் என் எண்ணைக் கூட்டின் அடியில் முத்திரை குத்துவது என் வேலை. ஏழெட்டு மாதம் கழித்து டிராயிங் மாறியது. கூட்டின் மூக்குப் பக்கத்துத் திருகு மரை வேறு, சுவர் தடிமன் வேறு. இரண்டு வாரம் நானும் கேட்காமல் குத்தினேன். பிறகு சூளூர்பேட்டையிலிருந்து வந்துபோகிற இன்ஜினியர் தம்பியிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "முன்னாடி போனது வானத்துல வெடிக்கிறது, அக்கா. இது தரையத் தொட்டா வெடிக்கிறது" என்றார்.

முத்திரையை மேசையில் வைத்துவிட்டு நேராகச் சங்க அறைக்கு வந்து, "தடுக்கிற குண்டுன்னு சொன்னீங்களேண்ணா?" என்று கேட்டேன். நீங்கள் நிமிரக்கூட இல்லை.

"நம்ம ஊட்டுக்குள்ள கல்லு வுட்டுக்கினு இருக்கிறவன் கையப் புடிக்கிறது அடிக்கிறதா, தடுக்கிறதாம்மா?"

"கையப் புடிச்சா தடுக்கிறது. அவன் ஊட்டுக்குப் போயி, உள்ள கொழந்தைங்க இருக்கும்போது கொளுத்துனா அது இன்னாண்ணா?"

"அத நம்மகிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. நீ அளவப் பாரு, போதும்."

நான் அளவு பார்க்கவில்லை. என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இடமாற்ற உத்தரவில் தொழிலாளர் தரப்புக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தது நீங்கள். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டு வந்தார்களே ஒழிய அதில் உட்காரவில்லை. ஆலையை மூட வைக்கப் பார்க்கிறவள் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். முன் இருக்கையிலிருந்த நீங்கள் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதற்காக இன்றும் வருத்தமில்லை.

"எனக்கு மொதல் நாளே தெரியும்மா" என்றீர்கள். "ரெண்டு மாதிரியும் செய்யணும்னு ஆர்டர்லயே இருந்திச்சி. மேனேஜர் காட்டுனாரு. அதச் சொல்லியிருந்தா பாதிப் பேரு ஒத்துக்கினு இருக்க மாட்டாங்க. ஆலையே போயிருக்கும்."

"அத எங்ககிட்ட சொல்லி, நாங்க முடிவு பண்ணியிருக்கணும்."

"தப்புதான். நாலு வார்த்த திட்டு, போயிடறேன்."

"திட்டறதுக்கு நான் யாரு? எங்கிட்ட சொன்னத நாளைக்குக் கேட் கூட்டத்துல சொல்லுங்க."

சொல்வதாகத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தீர்கள். திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தும் கூட்டம் போடவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

காரியம் முடிந்ததும் அந்தக் கூட்டத்தை நானே கூட்டினேன். நீங்கள் என் வாசலில் சொன்னதை அப்படியே சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "செத்தவரு மேல பழி போடாதம்மா, அவரு வந்து பதில் சொல்ல முடியாதுன்னு பேசறியா?" என்று கேட்டார். கூட்டம் அதோடு கலைந்தது. உண்மையை எனக்கு மட்டும் சொன்னீர்கள். அதற்கு இருந்த ஒரே சாட்சியும் நீங்கள்தான்.

அந்தப் போர் நியாயமா, அடிபடுகிறவன் திருப்பி அடிக்கக் கூடாதா என்பதையெல்லாம் நானும் யோசிக்காமல் இல்லை. சில நாள் நீங்கள் சொன்ன கல்லெறிகிறவன் கணக்கு சரியென்றே படுகிறது. இரண்டு வாரம் நான் குத்திய முத்திரைகள் எந்த ஊரில் விழுந்தன என்று நினைக்கிற நாளில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். எனக்கு விடை தெரியாது. ஆனால் கேள்வி என்னுடையது. அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, 'காப்பாத்தறோம்' என்ற பொய்யைக் கொடுத்தீர்கள்.

என் பழைய இடத்துக்கு இப்போது விஜயா புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். போன வாரம் டிராயிங்கை எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்கு வந்து, "இது இன்னாத்துக்குக்கா?" என்று கேட்டாள். தரையில் வெடிப்பது என்று சொன்னேன். ஒரு நாட்டைக் காப்பாற்றவும் செய்யலாம், தூங்குகிறவர்களைக் கொல்லவும் செய்யலாம், எது என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் டிராயிங்கை மடித்துக்கொண்டாள். பிறகு திரும்பிப் போய் முத்திரையைக் குத்தினாள்.

தெரிந்து குத்தினாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இருக்கிற கோபமெல்லாம் உங்கள் மேல்தான், ஓராண்டாகியும் குறையவில்லை.