நான் உண்டாக்கிய முப்பத்தேழு பேர்

மே 12, திங்கள்

இன்று விடுப்பு. துணி துவைத்துப் போட்டேன், மழையில் காயவில்லை. தொலைக்காட்சியில் நாங்கள் சனி ஞாயிறில் எடுத்த கருத்துக்கணிப்பைப் பெரிய பலகையில் ஒட்டி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அமைச்சரவைக்கு ஆதரவு முப்பத்துநான்கு சதவீதம். ஆதரிப்பதற்கு முதல் காரணம், வழக்கம்போல், "மற்றவர்களைவிடப் பரவாயில்லை."

மீன் வாங்கும்போதுகூட இந்த ஊரில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நாட்டை ஆள மட்டும் பரவாயில்லை போதும்.

"மக்கள் நிதானமாக எடைபோட்டிருக்கிறார்கள்" என்றார் அந்த நிபுணர். எப்படி எடைபோட்டார்கள் என்று எனக்குத் தெரியும். செண்டாய் நகரின் தொலைபேசிக் கணிப்பு அலுவலகம் ஒன்றில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆறு வருடமாகக் கேட்கிறேன். ஒரு பெண்மணி, "சீக்கிரம் கேளுங்க, எண்ணெய் காயுது" என்றார். ஓர் ஆள் சமையலறைப் பக்கம் திரும்பி, "நாம இப்ப யாரை ஆதரிக்கிறோம்?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு வந்து பதில் சொன்னார். இதற்கு முன் பெரிய கடை ஒன்றில் பதினெட்டு வருடம் புகார் மேசையில் இருந்தேன். அங்கே வந்தவர்களுக்காவது தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது.

மே 14, புதன்

பேரிடர் மறுசீரமைப்பு அமைச்சர் ஓட்டலில் தன் ஆதரவாளர்களோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டே பேசியதை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். கவாமினேயில் வெள்ளத்தில் வீடு போனவர்களைப் பற்றி: "ஏழு மாசமா தற்காலிக வீட்டுல இருக்காங்க. வாடகை இல்ல, பக்கத்துலயே கடை, வாரம் ரெண்டு தரம் யாராவது வந்து பாட்டு பாடுறாங்க. கிளம்புங்கன்னா நானே யோசிப்பேன்." சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிற சத்தமும் இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அதிகம் எரிந்தது.

என் மகள் இபுகி அந்தத் தற்காலிக வீடுகளில்தான் வேலை செய்கிறாள். தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் போய்ப் பார்ப்பது, மருந்து சாப்பிட்டார்களா என்று கேட்பது. இருபத்தாறு வயது. மாலையில் செய்தி அனுப்பினாள்: "அம்மா, டிவி பாத்தியா?"

"பார்த்தேன். எல்லாரும் இப்படித்தான்" என்று பதில் போட்டேன்.

"எல்லாரும்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது, இல்ல?" என்று திருப்பி எழுதினாள். அவளுக்கு என் வாய் அப்படியே வந்திருக்கிறது.

மே 15, வியாழன்

அமைச்சர் தலை குனிந்தார். "என் பேச்சு தவறான புரிதலுக்கு இடம் தந்திருந்தால் வருந்துகிறேன்." அதாவது தப்பு அவர் வாயில் இல்லை, நம் காதில்.

மே 17, சனி

அவசரக் கணிப்பு. செய்தித்தாள் கேட்டிருக்கிறது, திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம். நான்கே கேள்விகள். கடைசிக் கேள்வி: அமைச்சர் பதவி விலக வேண்டுமா, வேண்டியதில்லையா, தெரியாதா.

எழுபது வயதுக்காரர்கள் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்கள். பேச ஆள் கிடைக்காத ஏக்கம். ஒருவர் கால் மணி நேரம் திட்டினார், பிறகு "விலக வேண்டியதில்லை"யில் போடச் சொன்னார். ஏன் என்றால், "அடுத்து வர்றவனும் இதேதான் பேசப்போறான், இவனாவது பழகின மூஞ்சி" என்றார். இப்படிப்பட்ட குடிமக்களை வைத்துக்கொண்டு எந்த அமைச்சருக்குத்தான் குளிர் விடாது.

முப்பதுக்குக் கீழே உள்ளவர்கள் தெரியாத எண் என்றால் எடுப்பதே இல்லை. பக்கத்து மேசை கனோமாதா, பேருந்து நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நெட்டி முறித்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு போன் பேசுறதுக்குன்னு யாரும் சொல்லித் தரலம்மா."

மே 18, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா? எழுதிவிடுகிறேன்.

மாலை ஐந்து மணிக்கு இளைஞர்களில் எங்கள் அலுவலகத்தின் பங்காக அறுபது பேர் வேண்டிய இடத்தில் இருபத்துமூன்று பேர்தான். மேலாளர் செரிசாவா என்னையும் கனோமாதாவையும் மட்டும் கூப்பிட்டார். முப்பத்துநான்கு வயது, எப்போதும் மின்ட் மிட்டாய் மெல்லுகிற ஆள். "மீதி முப்பத்தேழை நீங்களே நிரப்பிடுங்க மேடம். ஆறு வருஷ அனுபவம். அவங்க என்ன சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா."

கனோமாதா, "எனக்கு முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாத மனிதன் என்று நினைத்துக்கொண்டேன்.

துப்புள்ள நான் உட்கார்ந்து நிரப்பினேன்.

நாற்பது நிமிடம். வயது, ஆணா பெண்ணா, மாநிலம், நான்கு பதில்கள். இவ்வளவு சுலபமான வேலையை இந்த அலுவலகத்தில் நான் செய்ததே இல்லை. முப்பத்தைந்து பேருக்கு "விலக வேண்டியதில்லை", இரண்டு பேருக்கு "தெரியாது". அவர்களுக்கு எதுவும் உறைக்காது, தலையைக் கைப்பேசியிலிருந்து தூக்க மாட்டார்கள் — அப்படித்தானே?

உண்மையில் எடுத்துப் பேசிய இருபத்துமூன்று பேரில் இருபது பேர் விலக வேண்டும் என்றிருந்தார்கள். பார்த்தேன். பார்த்துவிட்டும் போட்டேன்.

மே 20, செவ்வாய்

முதல் பக்கத்தில் வந்துவிட்டது. ஒட்டுமொத்தத்தில் விலக வேண்டும் என்பவர்களே அதிகம். ஆனால் தலைப்பு அதுவல்ல: "இளைஞர்களில் 63 சதவீதம்: அமைச்சர் விலகத் தேவையில்லை." அதே நிபுணர் அதே பலகைமுன் நின்று, இளைய தலைமுறை உணர்ச்சிவசப்படாமல் செயல்பாட்டைப் பார்க்கிறது என்றார். நான் காப்பி குடித்துக்கொண்டே நிரப்பிய முப்பத்தேழு கட்டங்களுக்குள் இத்தனை பக்குவம் இருந்திருக்கிறது.

கட்சிப் பொதுச்செயலாளர்: "வருங்காலத்தைச் சுமப்பவர்கள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. அவர்கள் குரலுக்குத் தலைவணங்குகிறோம்." அமைச்சர் பதவியில் தொடர்கிறார்.

சிரித்தேன். தனியாக உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தேன். இந்த நாட்டையே ஒரு மேசையில் உட்கார்ந்து ஏமாற்றிவிடலாம் போல.

மே 25, ஞாயிறு

இபுகி போன் செய்தாள். குரலே சரியில்லை.

சனிக்கிழமைகளில் பதினொரு கல்லூரி மாணவர்கள் கவாமினேக்கு வந்து தற்காலிக வீடுகளில் பூஞ்சை பிடித்த சுவர்களைத் துடைத்துக் கொடுப்பார்கள். நேற்று அவர்களில் சுகாதா என்ற பையன் ஒரு வீட்டில் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் — ஹிராகுரி, எண்பது வயது — அவனிடம் கேட்டிருக்கிறார்: "நீயும் அப்படித்தான் நினைக்கிறியாப்பா? நாங்க சொகுசுக்கு இங்க உக்காந்திருக்கோம்னு?"

"அவன் என்னம்மா சொல்வான்? ஈரத்துணியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னான். அப்புறம் வெளிய போய் அழுதான். அடுத்த வாரம் வரலைன்னு ஏழு பேர் சொல்லிட்டாங்க. எங்களைப் பாத்தா இவங்களுக்கு அப்படித்தான் தோணுதுன்னா எதுக்கு வரணும்னு கேக்குறாங்க."

நான், "அந்தம்மா ஏன் டிவியில சொல்றதையெல்லாம் நம்பணும்?" என்றேன்.

"வேற எதை நம்புவாங்க? நீங்கல்லாம் ராத்திரி பகலா கேட்டு எடுத்ததுதானே?"

அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கனோமாதாவின் முட்டியைக் கேலி செய்தவள் நான்.

மே 26, திங்கள்

செரிசாவாவிடம் போய்ச் சொன்னேன், செய்தித்தாளுக்குத் தெரிவித்துவிடலாம் என்று. மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"அவங்ககிட்ட நாம கேக்கவே இல்லையே மேடம். கேக்காத பதில் எப்படிப் பொய்யாகும்?" பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க போட்டதுதான் ரொம்ப இயல்பா இருந்துச்சுன்னு மேலிடத்துல பேசிக்கிட்டாங்க. மத்த ஊர் ஆபீஸ்ல நிரப்பினதெல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சாம்."

மற்ற ஊர் அலுவலகங்கள். அப்படியென்றால்?

இந்த ஆளின் பாராட்டு என் உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது போல் இருக்கிறது.

மே 29, வியாழன்

செய்தித்தாளின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். ஒபினாதா என்ற பெண் நிருபர் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், தேதியோடு. எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"உங்க கையிலதானே இருந்துச்சு. அந்த அமைச்சரைப் பிடிக்காதுங்கறீங்க. விலகணும்னு போட்டிருக்கலாமே?"

"அது பொய்யாக இருக்கும்" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கினேன்.

"இளைஞர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன்" என்றேன்.

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

இல்லை. பெற்ற மகளிடம்கூட.

ஜூன் 8, ஞாயிறு

செய்தி நாளை மறுநாள் வருகிறது. இபுகி அதில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ரயிலேறி கவாமினே போனேன். ஊழியர்களின் ஓய்வறையில் பொட்டலம் பிரித்துச் சோற்றுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

பாதி உருண்டையை மடித்து வைத்தாள்.

"முப்பத்தேழு பேர்ல நான் இருந்தேனா?"

"இல்ல."

"பொய் சொல்லாதம்மா."

ஒருத்தியைப் போட்டிருந்தேன். இருபத்தாறு வயது, பெண், இதே மாநிலம். போடும்போது அவளை நினைக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

"விலக வேண்டியதில்லைன்னு."

அவள் கத்தவில்லை. சட்டையில் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு, "நாலாம் வரிசை வீடுகளுக்குப் போகணும்" என்று எழுந்து போய்விட்டாள். அந்த வெயிலில் ரயில் நிலையம்வரை நடந்தே வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்றாம் பக்கத்தில், கீழே. கணிப்பு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. வாசகர்களிடம் மன்னிப்பு. நிபுணர் வேறு ஏதோ பலகை முன் நிற்கிறார். கட்சிப் பொதுச்செயலாளர்: "நாங்கள் ஒருபோதும் கணிப்புகளைப் பார்த்து முடிவெடுப்பதில்லை." மூன்று வாரத்துக்கு முன் தலைவணங்கிய அதே தலை.

என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். சரிதான். செரிசாவாவுக்கு இடமாற்றம்.

ஜூன் 23, திங்கள்

அமைச்சர் வியாழக்கிழமை உடல்நலக் காரணத்தால் விலகினார். இன்று கட்சியின் தேர்தல் பணிக்குழுவில் சேர்ந்திருக்கிறார். நான்கே நாளில் என்ன ஆரோக்கியம்.

யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கும் முன்பு போலச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு இபுகியிடமிருந்து ஒரு செய்தி. "குடியிருப்போர் சங்கம் வீடுவீடா என்ன குறைன்னு எழுதி மாநில அரசுக்குக் கொடுக்கப்போகுது. ஆள் பத்தல. 12ஆம் தேதி வர்றியா? சம்பளம் கிடையாது."

வருகிறேன் என்று மட்டும் போட்டேன்.

ஜூலை 12, சனி

சுகாதா என்னோடு வந்தான். ஒல்லியான பையன், அதிகம் பேசவில்லை. அவன் கதவைத் தட்ட, நான் எழுத வேண்டும். முதல் வீட்டு வாசலிலேயே இபுகி உரக்கச் சொல்லிவிட்டாள்: "இவங்க எங்கம்மா. அந்தக் கருத்துக்கணிப்புல பொய்யா நிரப்பினது இவங்கதான்." எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப எழுத்து நல்லாத்தான் வரும்" என்றார்.

ஒன்பதாவது வீடு ஹிராகுரி அம்மாளுடையது. சுகாதாவைப் பார்த்ததும், "வந்துட்டியா, அந்தச் சுவர் மறுபடி கறுத்துப்போச்சு பாரு" என்று உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கு உட்கார ஒரு மெத்தையை நகர்த்திப் போட்டார். பேசினார். குளியலறைக் கதவு சாத்துவதில்லை, பக்கத்து வீட்டு இருமல் தலைமாட்டில் கேட்கிறது, குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடும். எழுதிக்கொண்டே வந்தேன்.

முடிந்ததும், "நான் சொன்னதைப் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

படித்தேன். "எண்பது வயதில் இப்படி வாழ்வது சிரமமாக இருக்கிறது" என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சிரமம்னு நான் சொல்லல. கேவலம்னு சொன்னேன்."

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது மந்தம், நான்தான் சத்தமாக் கேக்கணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு வந்தார்.