ஹாலந்துக்கு முதல் பெட்டி

4 அக்டோபர் 2001, வியாழன்

காலையிலிருந்து தூறல். மலை உச்சி தெரியவில்லை. இலவம்பஞ்சு மூட்டைகளை ஈரம் படாத உள்ளறைக்கு மாற்றியாகிவிட்டது. இடுப்பு போயே போச்சு.

சென்னை ஷோரூமிலிருந்து போன். தீபாவளிக்கு அப்புறம் குஷன் வேண்டாமாம். "ஃபோம் வச்சது பாதி விலைக்கு வருது மேடம்" என்றான் அந்தப் பையன், எனக்கு நல்ல சேதி சொல்வது மாதிரி. நம் தையல் கூடத்தில் தைப்பதில் முக்கால்வாசி அங்கேதான் போகிறது. கூடத்தில் ஏழு பேர். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. பெங்களூர் கார்மெண்ட்ஸுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் போன வாரம்தான் வந்து கலாவிடம் பேசிவிட்டுப் போனான். ஒருத்தி கிளம்பினால் பின்னாலேயே நாலு பேர் கிளம்புவார்கள். அப்புறம் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆகவே ஹாலந்து. மாடியில் குடியிருக்கும் எல்ஸ் அம்மாவின் தம்பிக்கு ஒரு சிநேகிதர், பேர் பீட்டர். உத்ரெக்ட் என்கிற ஊரில் கடை. தியானத்துக்கு உட்காரும் குஷன், பாய், ஊதுவத்தி இதெல்லாம் விற்கிறார். சாம்பிள் அனுப்பு, பார்க்கிறேன் என்று மெயில் போட்டிருக்கிறார்.

இவரிடம் சொன்னேன். "போளூருக்கு அனுப்பின ஃபேனே உடைஞ்சு போய் சேர்ந்துச்சு. ஹாலந்தாம்" என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். பல்பும் ஒயரும் தவிர உலகத்தில் எதுவும் விற்காது என்று நினைப்பு.

9 அக்., செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். சாயங்காலம் எல்ஸ் அம்மாவோடு மாடியில். நாலு வருஷமாகப் புரட்டாசியில் வந்து பங்குனியில் போகிறவர். ஊரில் பேங்கில் வேலை பார்த்தவர், கேட்டால் வளவளக்காமல் பதில் வரும். அவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில்:

- ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கு. அந்த நேரம் யாரையும் கூப்பிடக் கூடாது.
- காபியோடு பிஸ்கட் ஒன்று. ஒன்றே ஒன்று. கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார்கள். கஞ்சத்தனம் இல்லையாம், பழக்கமாம்.
- வீதி பார்த்த ஜன்னலுக்குத் திரை இழுத்து மூட மாட்டார்கள். போகிற வருகிறவர்கள் பார்க்கலாம். (ஜன்னல் திரை தைக்கிற யோசனை அவுட்.)
- சொந்தக்காரர்கள் பிறந்தநாள் எழுதிய காலண்டரைக் கக்கூஸ் சுவரில் மாட்டுவார்கள். ஏன் என்று கேட்கவில்லை.
- தை பிறக்குமுன் பழைய நாணயம் போய் யூரோ வருகிறது. எல்லாம் விலை ஏறிவிட்டதாக ஜனங்கள் முணுமுணுப்பார்கள். விலையை இப்போதே யூரோவில் சொல்வது நல்லது. விலை ரொம்பக் கம்மியாக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள்.
- மலையே கிடையாது. பாவம்.

பாலும் பாலாடைக்கட்டியும் பெரிய வியாபாரமாமே என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. இந்த வருஷம் அங்கே மாடுகளுக்குக் கோமாரி. தம்பி பண்ணையில் நோய் வராத மாடுகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டார்களாம், ஒன்று பாக்கியில்லாமல். தம்பி இன்னும் காலையில் தொழுவத்துக்குப் போய் நின்றுவிட்டு வருகிறாராம். நான் பேச்சை மாற்றி, ஐந்து வண்ணக் குஷன்களையும் எடுத்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அந்த நீலம் அசிங்கம்."

முகத்துக்கு நேரே! சுருக்கென்று இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சொன்னார்: பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வதுதான் எங்கள் ஊரில் மரியாதை. உங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்கிறார்கள், குழாய் ரிப்பேருக்கு நானும் நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குழாயை இவர்தான் பார்க்கிறேன் என்றிருந்தார்.

ஒரு சந்தேகம். ஊர் பிடிக்காமல் வந்தவரிடம் ஊர் எப்படி என்று கேட்பது, கோபித்துக்கொண்டு வந்த மருமகளிடம் மாமியாரைப் பற்றி விசாரிப்பது மாதிரி ஆகாதா? இறங்கி வந்ததும் செங்கம் ரோடு காபிக் கடையில் வேறு இரண்டு ஹாலந்துக்காரர்களைப் பிடித்தேன். ஒரே குளிர், எல்லாருக்கும் அவசரம் என்றார்கள் இருவரும். அவசரமில்லாதவர்கள் எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள் போல.

15 அக்., திங்கள்

சாம்பிள் கிளம்பியது. நாலு குஷன். நீலம் இல்லை. முனியம்மாக்கா இரண்டு முறை பிரித்துப் பிரித்துத் தைத்தார்.

காலையிலேயே ஒரு குஷன் உறையைத் தாம்பாளத்தில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் சந்நிதியில் அர்ச்சனை. முதல் காரியமாயிற்றே. கொடுத்த திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக் குஷன்களுக்கு நடுவில் வைத்தேன். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும். அந்த மனிதர் கடையும் நல்லா இருக்கட்டும்.

கூரியர்காரர்: "உள்ள என்னம்மா?" "குஷன்." எழுதிக்கொண்டார்.

25 அக்., வியாழன். ஆயுத பூஜை

மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், பட்டை. பொரிகடலை. இன்று தைக்கக் கூடாது, ஆகவே ஒரே சிரிப்பும் அரட்டையும். நாலு மணிக்கு பிரவுசிங் சென்டர் போனேன், மெயில் பார்க்க.

பீட்டரிடமிருந்து. நாலே வரி. பெட்டியைத் திறந்தபோது வெள்ளைப் பொடி கொட்டியது. போலீஸ் வந்து கடையைப் பூட்டிவிட்டது. பெட்டியைத் திறந்த என் உதவியாளர் லீஸ் என்ற பெண்ணை ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன வைத்தாய்?

திரும்பத் திரும்பப் படித்தேன். சென்டர்காரத் தம்பி எட்டிப் பார்த்தான். "அய்யய்யோ. அமெரிக்காவுல தபால்ல விஷப் பொடி அனுப்பி ஆளுங்க செத்துட்டாங்கக்கா. பேப்பர்ல தினமும் வருதே, பாக்கலையா?"

பார்த்தேன். தினமும்தான் பார்த்தேன். திருநீற்றைப் பொடி என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஹாலந்துக்காரன் எத்தனை பிஸ்கட் தின்பான் என்பதுவரை விசாரித்தவள்.

இவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். "நம்ம அண்ணாமலையார் விபூதிக்குப் போலீசா?" அப்புறம் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "சின்னப் பொண்ணா?" என்றார். தெரியவில்லை.

ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டு மாடிக்குப் போனேன். எல்ஸ் அம்மா படித்துவிட்டு, இதில் அது என்ன பொடி என்று எங்கே இருக்கிறது என்றார். இல்லைதான். போன் செய், நேராகச் சொல் என்றார்.

27 அக்., சனி

மழை. எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இங்கிலீஷில் பேசியது:

"சார், அது சாம்பல்."

"எதன் சாம்பல்?"

கோயில் பிரசாதம் என்று சுற்றி வளைக்கலாம். ஆனால் நேராகச் சொல்வதுதான் மரியாதை.

"பசுஞ்சாணம் சார்."

அப்புறம், ஒவ்வொரு வார்த்தையாக: "இந்த வருஷம். ஹாலந்துக்கு. நீ மாட்டுச் சாணம் அனுப்பியிருக்கிறாய்."

"சுட்டது சார். நல்லா சுட்டது."

கோமாரி அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. பூத்துக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. எதற்காக வைத்தாய் என்று கேட்டார். உங்கள் கடை நன்றாக இருக்க வேண்டும் என்று. எனக்காகவா? ஆமாம். என்னை உனக்குத் தெரியாதே? தெரியாதுதான் சார்.

லீஸுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் பெட்டி என்றாலே பயப்படுகிறாள் என்றார். குஷன்கள் போலீசிடம் இருக்கின்றன. யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

'யோசிக்கிறேன்' என்றால் நம் ஊர் 'பார்க்கலாம்' மாதிரியா? எல்ஸ் அம்மா: "இல்லை. யோசிப்பார்."

கூடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சென்னை கைவிட்டது உட்பட. ஆர்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு? தனியா இருக்குதா, அம்மா அப்பா கூட இருக்குதா?" என்று முனியம்மாக்கா மட்டும் மூன்று தரம் கேட்டார். போகும்போது கலா மெதுவாக, "புரோக்கர் தீபாவளி வரைக்கும் டைம் குடுத்திருக்கான்க்கா" என்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷனும் கூட வரத் தயாராம். நான் என்ன சொல்ல முடியும்? சரிம்மா என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

9 நவ., வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. ஊர் முழுக்கப் பட்டாசுக் கடை.

பீட்டர் மெயில்! போலீஸ் குஷன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாராம். தையல் நன்றாக இருக்கிறது. மஞ்சள் சுமார். எண்பது வேண்டும். இது விற்றால் மாசாமாசம். உன் வேலைக்காரர்களுக்கு என்ன வயது, எழுது. (சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறேனோ என்று சந்தேகம். கோபம் வந்தது. எழுதினேன். ஐம்பத்தி இரண்டிலிருந்து ஆரம்பித்து.) கடைசியில்:

"பெட்டியில் குஷன் மட்டும். லீஸ்தான் திறப்பாள். திறக்கிறேன் என்று அவளே சொல்கிறாள். எந்த நிறப் பொடியும் ஒரு சிட்டிகை இருந்தாலும் அதோடு முடிந்தது."

கூடத்தில் படித்துக் காட்டினேன். ஒரே கூச்சல். கலா ஊசியைக் கீழே போட்டுவிட்டு, வரவில்லை என்று புரோக்கருக்குப் போன் போட வெளியே ஓடினாள்.

22 நவ., வியாழன்

நல்ல வெயில். தீபத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. லாட்ஜில் இடமில்லை. எண்பதும் தயார். தரையைத் துடைத்து, புதுத் துணி விரித்து, எல்லாரும் கை கழுவி, பெட்டிகளைத் திறந்து வைத்தாயிற்று.

முனியம்மாக்கா முதல் குஷனை எடுத்துக் குனிந்தார். நெற்றியிலிருந்து பொலபொலவென்று திருநீறு. வெள்ளை உறையில் கொஞ்சம் குங்குமமும். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம்.

கார்த்திகை மாசம். விடியற்காலையில் குளித்துக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள். ஸ்டிக்கர் பொட்டுக்காரிகள்கூடக் குங்குமத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஏழு நெற்றி, ஏழு வகிடு. என்னோடு எட்டு.

அழித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் நெற்றியை அழித்துவிட்டு வா என்று கட்டினவன் இருக்கிற பொம்பளையிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே புரிந்துகொண்டார் முனியம்மாக்கா. "வேலைதானே சுமதி. நான் அழிச்சிடறேன்" என்று முந்தானையை நெற்றிக்குத் தூக்கிவிட்டார். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், இப்போது நாக்பூர் பக்கம் எங்கேயோ ரோட்டில். பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்க்கா. போய் எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க."

போனார்கள். நான் மட்டும். சரி, முதலாளி நானே செய்கிறேன் என்று முகம் கழுவப் போனேன். தண்ணீரைக் கையில் ஏந்தி நின்றேன். கை நெற்றிக்குப் போகவில்லை. பெரிய ஏற்றுமதிக்காரி. அந்தப் பெண் அங்கே பயத்தை விழுங்கிக்கொண்டு பெட்டியைத் திறக்கத் தயாராகிவிட்டாள், என்னால் இது முடியவில்லை. தண்ணீரைக் கீழே விட்டேன்.

பெட்டி ஒட்டும் டேப்போடு இவர் வந்தார். திறந்து கிடக்கும் பெட்டிகளையும் என்னையும் பார்த்தார். "எங்க எல்லாரும்? என்னாச்சு?" சொன்னேன். நேரே குழாயடிக்குப் போனார்.

கல்யாணமான நாளிலிருந்து நெற்றி நிறையப் பட்டை இல்லாமல் இவரைப் பார்த்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட. முகத்தை, கழுத்தை, கை இரண்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து நின்றார். யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது.

துணிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆம்பள நெத்திய எவன் பாக்கறான். நீ தள்ளி நில்லு, மேல உதிரப் போவுது. எப்படி அடுக்கணும்னு மட்டும் சொல்லு."